வெள்ளை டீ-சர்ட்டில் ஒரு கறை: ஜூம் லென்ஸ் தூசி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியிருந்த சமயம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் படம் எடுத்துக் கொடுக்கும், கல்யாணங்களும் எடுக்கும் ஒரு தம்பிக்கு, கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமிருந்து போன் வந்தது. வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய வெள்ளை டீ-சர்ட் படங்களில் தோளுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிகிறது, நிட்டிங்கில் பட்ட எண்ணெய்க் கறையா என்று கேள்வி. சாம்பிளை எடுத்து விரித்துப் பார்த்தால் கறையே இல்லை. ஆனால் அன்று எடுத்த எல்லாச் சட்டைகளின் படத்திலும் அதே இடத்தில் புள்ளி இருந்தது.

தம்பி உடனே லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே பொடிப்பொடியாகத் தூசி, வளைந்து கிடக்கும் பஞ்சு இழைகள், முன்கண்ணாடிக்குப் பின்னால் மணல் போல ஒரு துணுக்கு. லென்ஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். "லென்ஸ் பூராத் தூசிங்ணா. பிரிச்சு க்ளீன் பண்ணக் குடுத்துறட்டுங்களா?"

கூடவே அவருடைய பெரியப்பா மகனும் வந்திருந்தார். அவர் கல்யாணப் படம் எடுப்பவர். அதே மாடல் லென்ஸ் அவரிடமும் உண்டு. அதைப் போன வருடமே ஒரு கடையில் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்து வாங்கியிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் அவருடைய லென்ஸ் உள்ளே பளிச்சென்று இருந்தது. தூசி நிறைந்த ஒன்று, தூசியே இல்லாத ஒன்று, இரண்டும் ஒரே மாடல், ஒரே மேசையில். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. சோதனை முடிந்தபோது, தூசி நிறைந்திருந்த லென்ஸின் படமே எல்லா மூலையிலும் கூர்மையாக இருந்தது. இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

லென்ஸ் எங்கெல்லாம் போய் வந்தது

லென்ஸ் 24-105 எம்எம், எஃப் 4. எஃப் எண் என்பது ஒளி நுழையும் துளையின் (அபெர்ச்சர்) அளவு; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா பாடியில் போட்டு வேலை பார்க்கிறார். கேட்லாக் வேலையில் காலரும் கீழ்மடிப்பும் சேர்ந்து கூர்மையாக வர வேண்டும் என்பதால் ஃபிளாஷ் வைத்து எஃப் 11-இல் எடுப்பது அவர் வழக்கம். இந்த எஃப் 11 பின்னால் முக்கியமாக வரும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போய் குதிரைச் சந்தையையும் மாட்டுச் சந்தையையும் ஆசையாகப் படம் எடுத்திருக்கிறார். அங்கே போனவர்களுக்குத் தெரியும், குதிரையை ஓட்டிக் காட்டும் இடத்தில் புழுதி ஆள் உயரத்துக்கு எழும். ஆடிக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், பல்லடம் என்று வீசிக்கொண்டே போகும். காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டதும் அதனால்தான். காற்றாலைக்கு நல்ல மாதம், கேமராவுக்குக் கெட்ட மாதம்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்தார் என்று கேட்டேன். அங்கேதான் விஷயம் இருந்தது. படம் எடுக்கப் போயிருந்த ஒரு நிட்டிங் யூனிட்டில் மெஷினில் ஒட்டும் பஞ்சை ஊதித் தள்ளுவதற்குக் கம்ப்ரசர் காற்று வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த ஏர் கன்னை வாங்கி லென்ஸின் ஜூம் வளையத்துச் சந்து, கேமராவில் பூட்டும் மவுண்ட், கடைசியில் பாடியின் உள்பக்கம் வரைக்கும் ஊதியிருக்கிறார். மேலே இருந்த புழுதி எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. சுத்தமாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

அந்தக் கம்ப்ரசர் காற்று 6, 7 பார் அழுத்தத்தில் வருகிறது. அந்த வேகத்தில் வளையத்துச் சந்தில் அடித்தால், வெளியே தங்கியிருந்த பொடியில் ஒரு பகுதி உள்ளே போகத்தான் செய்யும். அது சுத்தமான காற்றும் இல்லை. கம்ப்ரசர் டேங்க்கில் தண்ணீர் சேரும், பிஸ்டன் எண்ணெய் நுண்துளியாகக் காற்றோடு கலந்து வரும். நிட்டிங் மெஷினுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்கு ஆகும்.

புள்ளி எங்கே இருக்கிறது

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. வெள்ளைச் சுவரின் முன் கேமராவை வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, எஃப் 22-இல், ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை மெல்ல அசைத்து ஒரு படம். சுவரில் உள்ள அழுக்கு எல்லாம் கலங்கிப் போய்விடும். அசையாமல் நிற்பது கேமராவுக்கு உள்ளே இருப்பது மட்டும்.

டீ-சர்ட்டில் தெரிந்த அதே புள்ளி கறுப்பாக நின்றது. பக்கத்தில் இன்னும் நாலைந்து, நடுவில் கொஞ்சம் வெளுத்து விளிம்பு கறுத்த வட்டங்கள். ஓரத்தில் நூல்போல் ஒரு நெளிவு.

அப்புறம் ஜூமை 24-க்குக் கொண்டு வந்தோம், 105-க்குத் தள்ளினோம். புள்ளி இம்மியும் நகரவில்லை. லென்ஸையே கழற்றிவிட்டு 50 எம்எம் லென்ஸைப் போட்டோம். புள்ளி அங்கேயேதான். தம்பிக்கு இந்த இடத்திலேயே பாதிக் கவலை தீர்ந்துவிட்டது. லென்ஸை மாற்றியும் போகாத புள்ளி லென்ஸில் இருக்க முடியாது.

அபெர்ச்சரைத் திறந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தது அடுத்து. எஃப் 4-இல் தேடினாலும் கிடைக்கவில்லை. எஃப் 11-இல் சாம்பல் நிறம். எஃப் 22-இல் கறுப்பு. சென்சார் தூசியின் நடத்தை இது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

தூசி நேராகச் சென்சார் மேல் உட்காருவதில்லை, அதன் முன்னால் உள்ள கண்ணாடித் தகட்டின் மேல் உட்காரும். இடைவெளி 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலை நோக்கிக் கூம்பாகக் குவிந்து வரும் ஒளி, எஃப் 4-இல் அந்தத் தகட்டைக் கடக்கும்போது 0.5 மி.மீ. அகலம் இருக்கும். எஃப் 11-இல் 0.18 மி.மீ. எஃப் 22-இல் 0.09. தூசி 0.1 மி.மீ. என்றால், எஃப் 4-இல் அது மறைப்பது அந்த ஒளியில் 4 சதவீதம். எஃப் 11-இல் சுமார் 30 சதவீதம். எஃப் 22-இல் கூம்பே தூசியைவிடச் சின்னது, முழுசாக மறைந்துவிடும். கல்யாணத்தில் எஃப் 4-இலேயே வேலை ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைத் துணி, எஃப் 11 என்று வந்தபோது பையர் கண்ணில் பட்டுவிட்டது.

ஓரத்து நெளிவு பஞ்சு இழை. பருத்தி இழையின் தடிமன் சுமார் 12 முதல் 20 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான் அளவு. அந்த ஒற்றை இழை இரண்டு மூன்று பிக்சல் தடிமன்தான், ஆனால் தகட்டின் மேல் கிடப்பதால் எஃப் 22-இல் அதன் நிழல் பதினைந்து பிக்சலுக்கு மேல் அகலமாக மங்கலாய் விழும். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறிக்குடோனுக்குள் லென்ஸ் மாற்றுகிறவர்களுக்கு இந்த நெளிவு பழகிய விருந்தாளி.

நடு வெளுத்த வட்டங்கள்தான் எனக்குக் கவலை தந்தன. காய்ந்த தூசி, கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயரில் ஊதினால் போகும். இவை போகவில்லை. கம்ப்ரசர் காற்றில் வந்த எண்ணெய்த் துளிகள் என்பது என் கணிப்பு. சென்சார் துடைக்கும் குச்சியான ஸ்வாப்பை ஈரமாக்கித் துடைத்தபோது ஒரே இழுப்பில் போனது அந்தக் கணிப்புக்குப் பொருந்துகிறது.

சரி, லென்ஸுக்குள் இருக்கும் தூசி?

அது நிஜம்தான், கண்ணால் பார்க்கிறோம். படத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பழைய யூவி ஃபில்டர் ஒன்றின் நடுவில் 5 மி.மீ. வட்டமாகக் கறுப்புக் காகிதத்தை ஒட்டி லென்ஸில் மாட்டினோம். தூசிக்குப் பதிலாக ஒரு மிளகு அளவுள்ள தடை. 105 எம்எம், எஃப் 4-இல் எடுத்த படத்தில் அந்தக் காகிதம் இருப்பதே தெரியவில்லை. தம்பி ஃபில்டர் உள்ள படம் எது, இல்லாத படம் எது என்று மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

105 எம்எம், எஃப் 4 என்றால் ஒளி நுழையும் வட்டம் 105-ஐ 4-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 26 மி.மீ. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த முழு வட்டத்து வழியாகவும் ஒளி வருகிறது. 5 மி.மீ. காகிதம் அதில் 4 சதவீதத்துக்கும் குறைவாகவே மறைக்கும். அந்த இழப்பும் ஒரே இடத்தில் விழாமல் படம் பூராவும் பரவிவிடும். 0.2 மி.மீ. மணல் துணுக்கு என்றால் மறைப்பது சுமார் 17,000-இல் ஒரு பங்கு. எஃப் 11-க்கு மூடினாலும் 2,000-இல் ஒரு பங்கைத் தொடாது.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. அதே ஃபில்டரோடு 24 எம்எம், எஃப் 16 வைத்து எடுத்தபோது நடுவில் கறுப்புக் குழம்பு போல ஒரு நிழல் விழுந்தது. அங்கே ஒளி நுழையும் வட்டம் 1.5 மி.மீ. மட்டும், 5 மி.மீ. காகிதம் அதை விழுங்கிவிடுகிறது. 0.2 மி.மீ. துணுக்கும் அந்த நிலையில் 2 சதவீதம் வரை மறைக்கும். வைடு ஆங்கிளில் அபெர்ச்சரை நன்றாக மூடி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுக்கிறவர்கள் லென்ஸ் தூசியையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பின்கண்ணாடியில் உள்ள தூசிக்கு இது இன்னும் பொருந்தும். அது சென்சாருக்குக் கிட்டே இருக்கிறது.

இன்னொரு இடம் சீரியல் லைட். மண்டபத்துப் பின்னணியில் தொங்கும் விளக்குகளைக் கலங்கலாக வைத்து, மணமக்களை 105-இல் எஃப் 4-இல் எடுக்கும் படம் இப்போது எல்லா ஆல்பத்திலும் இருக்கிறது. அப்படி ஒன்று எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு ஒளிவட்டத்துக்குள்ளும் பொடிப் பொடியாகத் தூசியும் இழையும் தெரிந்தன. கலங்கிய ஒளிவட்டம் என்பது ஒளி லென்ஸுக்குள் வந்த பாதையின் குறுக்குவெட்டு, அதனால் பாதையில் கிடப்பதெல்லாம் அதில் பதியும். உள்தூசி தன்னைக் காட்டிக்கொள்வது இங்கேதான். ஆல்பம் அளவில் இது கண்ணை உறுத்தாது என்பது என் அபிப்பிராயம். பெரிய ஃபிளெக்ஸுக்குப் போகும் படமானால் ரீடச் செய்துகொள்ளலாம்.

மேடைப் படம் ஏன் பால் ஊற்றியது போல வந்தது

தம்பிக்கு இரண்டாவது ஒரு புகாரும் இருந்தது. ரிசப்ஷன் மேடையில் எதிரே இருந்து எல்இடி லைட் அடிக்கும்போது படம் வெளுத்துப் போகிறது, கறுப்பு கறுப்பாக வருவதில்லை. இதையும் உள்தூசி தலையில் போட்டிருந்தார்.

எதிர்வெளிச்சத்தில் தூசி ஒளியைச் சிதறடிக்கும் என்பது உண்மை. ஆனால் முன்னால் மாட்டியிருந்த ஃபில்டரைச் சாய்த்துப் பார்த்தால் எண்ணெய் பூசியது போல ஒரு படலம். மண்டபத்தில் ஓமப் புகை உண்டு, கற்பூரம் உண்டு, இப்போது மணமக்கள் நுழையும்போது ஸ்மோக் மெஷின் வேறு. அந்தப் புகைத் திரவத்தில் கிளைக்கால் இருக்கிறது, அது படிந்தால் பிசுபிசுப்பான படலமாக நிற்கும். அதைத் தம்பி கர்ச்சீப்பில் துடைத்துத் துடைத்துச் சமமாகப் பரப்பியிருந்தார். பின்கண்ணாடியில் ஒரு விரல்ரேகை.

ஃபில்டரைக் கழற்றினோம், பின்கண்ணாடியை லென்ஸ் திரவமும் மைக்ரோஃபைபரும் வைத்துத் துடைத்தோம். அதே விளக்கு, அதே கோணத்தில் கறுப்பு திரும்ப வந்துவிட்டது. பிரித்த லென்ஸோடு வைத்துப் பார்த்தால், விளக்கு நேராக ஃபிரேமுக்குள் வரும்போது மட்டும் தம்பியின் லென்ஸில் ஒரு மெல்லிய மூட்டம் மிச்சம் இருந்தது. உள்தூசியின் பங்கு அவ்வளவுதான்.

பிரித்துச் சுத்தம் செய்த லென்ஸ்

இதுதான் எனக்கு வருத்தமான பகுதி. ஹாலோ பிளாக் காம்பவுண்டு சுவரை நேராகப் பார்த்து இரண்டு லென்ஸிலும் எஃப் 4-இல் படம் எடுத்தோம். தூசி லென்ஸில் இடமும் வலமும் ஒரே மாதிரி. சுத்தமான லென்ஸில் வலப்பக்கம் சிமெண்ட் துகள் எண்ணும்படி இருந்தது, இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குழைந்துபோயிருந்தது. கேமரா சுவருக்குக் கோணலாக இருக்கிறதோ என்று, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுத்தோம். கோணல் காரணமானால் குழைவு படத்தின் மறுபக்கத்துக்கு மாற வேண்டும். மாறவில்லை. லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி அச்சு விலகியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கிறது.

மவுண்ட் திருகுகளின் தலையில் கீறல்கள் இருந்தன. ஜூம் லென்ஸின் கண்ணாடித் தொகுதிகளை ஆலையில் நுண்ணிய ஷிம் தகடுகள் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குச் சரிபார்த்துப் பொருத்துகிறார்கள். பிரித்தவர் எவ்வளவு கைத்தேர்ச்சி உள்ளவரானாலும், திரும்பப் பொருத்தியபின் அச்சைச் சோதிக்கும் கருவி இல்லாவிட்டால் அதே இடத்தில் உட்கார்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. டார்ச் அடித்தால் தெரியாது. படத்தில்தான் தெரியும்.

"குரூப் போட்டோல இந்தப் பக்கம் நிக்கறவிய எப்பவும் சாஃப்டா வராங்ணா. நான் ஃபோகஸ் தப்புன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார் அண்ணன்காரர். ஒரு வருடத்துக் கல்யாணங்கள். எஃப் 8-க்கு மூடினால் குழைவு பெரும்பாலும் அடங்குகிறது. ஆனால் மண்டபத்து வெளிச்சத்தில் எஃப் 8 எப்போதும் கைகொடுக்காது.

பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டால், எண்ணெய் ஆவியாகி உட்கண்ணாடியில் மூட்டமாகப் படிந்துவிட்டால், பூச்சி ஒன்று உள்ளே செத்துக் கிடந்தால் பிரிக்கத்தான் வேண்டும். அச்சைச் சரிபார்க்கும் வசதி உள்ள சர்வீஸ் சென்டராகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தூசிக்காக மட்டும் பிரிப்பது, இல்லாத நோவுக்கு ஆபரேஷன்.

தூசி எப்படிப் போகிறது

24-இலிருந்து 105-க்குத் திருப்பும்போது இந்த லென்ஸின் குழல் சுமார் 4 செ.மீ. வெளியே நீளும். குழலின் விட்டம் 7 செ.மீ. என்று கொண்டால் உள்ளே கூடும் இடம் ஏறக்குறைய 150 மி.லி. அந்தக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வளையங்களின் சந்து, ஸ்விட்சுகளின் ஓட்டை, மவுண்ட் எல்லாமே வழிதான். ரப்பர் வளையம் போட்ட லென்ஸிலும் காற்று போய் வரும், மெதுவாக வரும், அவ்வளவே. மழைத்துளியை அது தடுக்கும், மாவு போன்ற புழுதியை முழுக்கத் தடுக்காது. ஒரு கல்யாணத்தில் எத்தனை முறை ஜூமைத் திருப்புகிறோம் என்று யோசித்தால், உள்ளே தூசியே இல்லாத பழைய ஜூம் இருந்தால்தான் அதிசயம்.

1998-இல் வந்த கேனான் 100-400, முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும் வகை. தூசி பம்ப் என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் பறவைப் படம் எடுக்கிறவர்களில் ஒரு தலைமுறையே வேலை செய்தது. 2014-இல் வந்த இரண்டாம் பதிப்பில் வளையத்தைத் திருப்பும் முறைக்கு மாற்றினார்கள். நீளம் மாறாமல் உள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸ்களும் இருக்கின்றன. 2019-இன் சோனி 200-600 அப்படிப்பட்டது. கேனானின் மிரர்லெஸ் 70-200 எஃப் 2.8, 2019-இல் நீளும் குழலோடு வந்தது. 2024-இல் நீளாத வகை ஒன்றும் வந்தது. ரேக்ளா, மாட்டுச் சந்தை என்று புழுதியிலேயே நிற்கிறவர் புதிதாக வாங்கினால், நீளாத வகை கொஞ்சம் நிம்மதி. உள்ளே கண்ணாடிகள் நகரத்தான் செய்யும், அங்கேயும் தூசி மெதுவாகப் போகும்.

என்ன செய்தோம்

சென்சாரை ஃபுல் ஃபிரேம் அளவு ஸ்வாப்பில் துடைத்தோம். பேட்டரி முழுசாக சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், மெனுவில் க்ளீனிங் நிலையில் வைக்க வேண்டும், முதலில் ப்ளோயரில் ஊத வேண்டும். மணல் துகள் கிடக்கும்போது துடைத்தால் கீறிவிடும். புள்ளியைத் தேடும்போது ஒன்று நினைவில் வைக்கலாம்: படத்தில் மேல் வலது மூலையில் தெரிவது, முன்னாலிருந்து சென்சாரைப் பார்க்கும்போது கீழ் வலது மூலையில் இருக்கும்.

ஏற்கெனவே அனுப்பிய படங்களுக்கு, புள்ளி ஒரே இடத்தில் இருந்ததால் ஒரு படத்தில் செய்த திருத்தத்தையே மற்றவற்றிலும் போட முடிந்தது. மெர்ச்சண்டைசர் சாம்பிள் துணியையும் பையருக்கு அனுப்பி வைத்தார். அந்த ஆர்டர் விவகாரம் அதோடு தீர்ந்தது.

தூசி லென்ஸைப் பிரிக்கவில்லை. அதிலேயே வேலை ஓடுகிறது. தம்பி இப்போது ரப்பர் ப்ளோயர் ஒன்று வைத்திருக்கிறார், குழலை உள்ளே தள்ளும் முன் நீண்டிருக்கும் பகுதியை பிரஷ்ஷால் தட்டிவிடுகிறார், தறிக்குடோனுக்குள் லென்ஸ் மாற்றுவதில்லை. அடுத்த ஆடிக்கு அந்தியூர் போனால், சந்தைக்குள் ஒரே லென்ஸ், மாற்ற வேண்டுமானால் கார் கதவைச் சாத்திக்கொண்டு என்று முடிவு. அண்ணன்காரர் தன் லென்ஸை அச்சு சரிபார்க்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பியிருக்கிறார். செலவு, அதே லென்ஸ் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் விலையில் கணிசமான பங்கு.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. உள்ளே தூசி என்று சொல்லி விலையைக் குறைக்கிற லென்ஸ் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். டார்ச் அடிக்கும்போது தூசியை விட்டுவிட்டு, சிலந்தி வலை போல விளிம்பிலிருந்து படரும் பூஞ்சை இருக்கிறதா என்று தேடுங்கள். வால்பாறை, பொள்ளாச்சி மாதிரி ஈரம் நிற்கும் ஊர்களிலிருந்து வரும் லென்ஸில் இன்னும் கவனமாக. பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். மவுண்ட் திருகில் கீறல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கடைசியாக ஒரு சுவர் முன் நின்று, எஃப் 4-இல் ஒரு படம், கேமராவைத் தலைகீழாக்கி ஒரு படம் எடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.